ஷிப்ட் குறைஞ்ச வீட்டுல முதல்ல எதை அடைக்கிறது: தண்டலா, கைமாத்தா?

நூல்கண்டு எழுதியது:

2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூர்ல பல பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆச்சுங்க. அப்ப வாங்கின கடன் நிறைய லைன் வீட்டுல (வரிசையா ஒட்டிக் கட்டின வாடகை வீடு) இன்னும் நிக்குது. பேசறதுக்கு வசதியா ஒரு மாதிரிக் கணக்கு வெக்கிறேன்.

வீட்டுக்காரர் பவர் டேபிள் மிஷின்ல தைக்கறவர், வீட்டுக்காரம்மா தைச்ச துணி செக்கிங், ரெண்டு புள்ளைங்க, மாமியார். முன்னால வாரம் 7,500 வந்துது, இப்ப 4,400. வாடகை மாசம் 4,500. தண்டல் 10,000, தினம் 100 கட்டணும். மகளிர் குழுவாச் சேந்து ஃபைனான்ஸ் கம்பெனியில வாங்கின கடனுக்குத் தவணை வாரம் 450. மூணு பவுன் நகை பேங்குல அடகு இருக்குது. பக்கத்து வீட்டு அக்காகிட்ட 5,000, ஊர்ல மச்சான்கிட்ட 20,000 கைமாத்து. ஆனி, ஆடி வந்தா ஊர்ல மொய் வேற.

நாலு சனிக்கிழமையில வாடகை சேரணும்னா வாரம் 1,125. தண்டல் 700, குழு 450. மொத்தம் 2,275. மிச்சம் 2,125-ல அஞ்சு பேர் சாப்பிடணும், மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் பாக்கணும். எதை முதல்ல அடைக்கிறது? "மனசை விட்டுடாதீங்க" மாதிரி பதில் வேண்டாமுங்க, கணக்கா சொல்லுங்க.

வட்டிக்கணக்கு எழுதியது:

தண்டலிலிருந்து தொடங்குவோம். 10,000 என்று பேர், கையில் கொடுப்பது 8,500. தினம் 100 வீதம் 100 நாள். "1,500 தானே" என்று நினைப்பது தவறு. நாளுக்கு நாள் அசல் குறைவதால் சராசரியாக உங்கள் கையில் நிற்கும் பணம் 4,250 தான். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 வட்டி. அதாவது மாதம் பத்து வட்டிக்கு மேல். இதே 8,500-ஐ வருடம் 10 சதவீதத்தில் நகைக்கடனாக எடுத்து 100 நாள் வைத்திருந்தால் வட்டி சுமார் 233 ரூபாய்.

ஆனால் ஒன்று. 70 நாள் கட்டி முடித்தவர் மீதி 3,000-ஐ அவசரப்பட்டு ஒரே தடவையில் அடைப்பதில் லாபம் இல்லை. வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள், பெரும்பாலும் தள்ளுபடி தர மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் ஓடுகிறபடி ஓடட்டும். மாட்டுவது வேறு இடத்தில். 70-ஆம் நாள் வசூலுக்கு வருபவர், "புதுசா ஒரு பத்து போட்டுக்கலாமா?" என்பார். 10,000-ல் 1,500 பிடித்தம், பழைய பாக்கி 3,000 கழிவு, கையில் 5,500. அந்த 3,000-க்கு ஏற்கெனவே வட்டி கொடுத்தாகிவிட்டது, இப்போது மறுபடியும் அதற்கு 450 போகிறது. பல வீடுகளில் தண்டல் வருடக்கணக்கில் முடியாமல் ஓடுவது இப்படித்தான். இருப்பதைக் கட்டி முடியுங்கள், புதுசு போடாதீர்கள்.

ஆகவே என் வரிசை: தண்டல், குழு, நகை. கைமாத்துக்கு வட்டி இல்லை, அது கடைசி.

ஓவர்லாக் எழுதியது:

கடைசி வரி மட்டும் ஒத்துக்க மாட்டேனுங்க. கைமாத்துக்கு வட்டிதான் இல்லை, தவணைத் தேதி இருக்குது. அந்தத் தேதி கொடுத்தவங்க வீட்டுல இருக்கும். அந்த அக்கா 5,000-ஐ எதுக்கு ஒதுக்கி வெச்சிருந்தாங்க? ஜூன்ல புள்ளைக்கு காலேஜ் ஃபீஸுக்குன்னா, ஜூன்ல அவங்க தண்டல் எடுக்க வேண்டியதாயிரும். உங்க பத்து வட்டி அவங்க தலையில போய் உக்காரும். நன்றி சொல்றதுக்கு முன்னால இதைப் பாக்கணும்.

நான் சொல்ற முறை இது. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு. யார், எவ்வளவு, என்னைக்கு வாங்கினது, இதோட நாலாவது கட்டம் ஒண்ணு போடுங்க: "அவங்களுக்கு எப்பத் தேவை". அதை நாமளா ஊகிக்கக் கூடாது, வாயால கேக்கணும். "அக்கா, இது உங்களுக்கு எந்த மாசம் கண்டிப்பா வேணும்?" பெரும்பாலும் "இருக்கறப்ப கொடு" தான் பதில் வரும். அதோட விடாம, "ஜூனா, தீபாவளியா?" ன்னு ரெண்டுல ஒண்ணைக் கேட்டா மாசம் வெளிய வந்துரும். அந்த மாச வரிசையில அடைக்கணும், தொகை வரிசையில இல்ல.

வட்டிக்கணக்கு எழுதியது:

சரி, ஏற்கிறேன். ஆனால் வாரம் 2,125-ல் பணம் எங்கே மிஞ்சுகிறது?

ஓவர்லாக் எழுதியது:

அஞ்சாவது சனிக்கிழமையில. வருஷத்துக்கு 52 வாரம், மாசத்துக்கு நாலு வீதம் கழிச்சா 48 போயிரும். மிச்சம் நாலு வாரச் சம்பளம். வாடகையை நாலு சனிக்கிழமையில பிரிச்சு எடுத்தா, அஞ்சு சனி வர்ற மாசம் ஒரு வாரத்துக்கு வாடகை எடுக்க வேண்டியதில்ல, 1,125 சும்மா நிக்கும். அது செலவுல கரையறதே தெரியாது, ஏன்னா அன்னைக்கு கை கொஞ்சம் இளகின மாதிரி இருக்கும், பஜ்ஜி, பிரியாணின்னு போயிரும். காலண்டர்ல அஞ்சு சனி வர்ற மாசத்தை இப்பவே வட்டம் போட்டு, "கைமாத்து"ன்னு எழுதி வெச்சிருங்க.

வாரம் 200, 200-ஆ அக்காகிட்டக் கொடுக்கறது வேண்டாம்பேன். 25 வாரத்துல கணக்கு முடியும், ஆனா அவங்க கையிலயும் அது தக்காளி வாங்கறதுலயே தீந்துரும், ஃபீஸ் கட்டற அன்னைக்கு ஒண்ணும் இருக்காது. மொத்தமா வேணுமா, பிரிச்சு வேணுமான்னு அவங்களையே கேளுங்க. மொத்தமாத்தான் வேணும்னா வீட்டு பீரோவுல சேக்காதீங்க, குறைந்தபட்ச இருப்பு கேக்காத அடிப்படை சேமிப்புக் கணக்குல போடுங்க. அந்தக் கணக்கு ஏ.டி.எம். கார்டு வீட்டுல யார் கையில இருந்தா பத்திரமோ அவங்ககிட்ட.

கீரமங்கலத்தார் எழுதியது:

மொய்யப் பத்தி யாரும் பேசல. நான் சொல்றேன்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும், மொய் வாங்குறதுக்குன்னே வைக்கிற கறிவிருந்து. இதுல நன்றிங்கறதே கணக்குதான். ஒருத்தர் உங்களுக்கு 1,000 போட்டிருந்தா அவர் விருந்துக்கு நீங்க 2,000 எழுதுவீங்க. பழசு 1,000, புதுசு 1,000. புதுசு சேத்தாத்தான் உறவுக்கணக்கு நீளும். கையில இல்லாத வருசத்துல பழசு மட்டும் போடலாம், கணக்கு அதோட நேராயிரும், தப்பே இல்ல. எழுதுறவர்கிட்ட "பழசு"ன்னு சொல்லிட்டு வாங்க. தப்பு எங்க நடக்குதுன்னா, கௌரவத்துக்காக வட்டிக்கு வாங்கிப் புதுசு போடுறதுல. அந்தப் புதுசு எப்பத் திரும்பும்? நீங்க விருந்து வைக்கிறப்பத்தான். நாலஞ்சு வருசம் ஆகும். அதுவரைக்கும் வட்டி யாரு கட்டுறது?

இன்னொரு பக்கமும் உண்டு. "நம்மளும் விருந்து வச்சா கடன் எல்லாம் அடைஞ்சிரும்"னு நினைக்கிறவங்க பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி மொய் நோட்ட எடுத்துக் கூட்டிப் பாக்கணும். நீங்க போட்டு இன்னும் திரும்பாதது எவ்வளவு? அதுதான் உங்க பணம். அதுக்கு மேல விழுகுறது எல்லாம் புதுக்கடன், ஒவ்வொரு விருந்தாப் போய்த் திருப்பணும். கறி, அரிசி, பந்தல் செலவு போக நிக்கிறது திரும்பாத பழசவிடக் குறைச்சலா இருந்தா வைக்காதீங்க.

போக முடியலன்னா ஊர்க்காரர் யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க. பேரு, அப்பா பேரு, ஊரு மூணும் துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுங்க. ஒரே பேர்ல ஊருக்குள்ள பத்துப் பேர் இருப்பாங்க, வேறொருத்தர் கணக்குல ஏறிட்டா அப்புறம் பிரிக்கிறது பெரும்பாடு.

அரிசிமூட்டை எழுதியது:

சாப்பாட்டுக்கு வர்றேன். அஞ்சு பேர் வீட்டுக்கு மாசம் 35-லேர்ந்து 40 கிலோ அரிசி ஆகும். ரேஷன் கார்டு முன்னுரிமைக் குடும்ப கார்டா இருந்தா ஆளுக்கு 5 கிலோ வீதம் 25 கிலோ இலவசம். முன்னுரிமை இல்லாத அரிசி கார்டுக்கு 20 கிலோ தான் உச்சம். ரொம்ப ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கற அந்தியோதயா கார்டுக்கு 35. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ, மொத்தம் 2 கிலோவுக்கு மேல கிடையாது, கிலோ 25. கார்டு ஊர்ல இருந்தாலும் 2020 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுல எந்தக் கடையிலயும் கைரேகை வெச்சு வாங்கலாம். "இருப்பு இல்லை"ன்னா மாசக் கடைசியில வரச் சொல்வாங்க. வருஷக்கணக்கா திருப்பூர்ல இருக்கறவங்க முகவரியை மாத்திக்கறதே நல்லது.

அரிசியில வெள்ளையா, கொஞ்சம் வேற மாதிரி ஒண்ணு ரெண்டு மணி இருக்கலாம், தண்ணியில மிதக்கும். பிளாஸ்டிக் அரிசின்னு பொறுக்கி எறியறாங்க. அது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செஞ்ச செறிவூட்டிய மணி, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்து கொடுத்தாங்க. வீட்டுல ரத்தசோகை இருக்கற பொம்பளைப் புள்ளைக்குப் போக வேண்டியது அது. ரெண்டு தடவை கழுவினாப் போதும், வடிக்காம அளவுத் தண்ணியில வேக வெச்சா சத்து கஞ்சியோட போகாது.

மணம் புடிக்கலன்னா இட்லிக்குத் திருப்புங்க. நாலு டம்ளர் ரேஷன் புழுங்கலரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி நாலு மணி நேரம், உளுந்து ஒரு மணி நேரம் ஊறணும். இந்த அரிசி இட்லி அரிசி அளவுக்குத் தண்ணி இழுக்காது, வழக்கமா ஊத்தற அளவு ஊத்தினா மாவு நீர்த்து இட்லி தட்டையா வரும். அரிசி ஆட்டறப்ப தண்ணியைக் குறைச்சு, ஒரு கைப்பிடி பழைய சோறு சேத்து ஆட்டுங்க.

டீச்சரம்மா எழுதியது:

குழந்தைகள் விஷயம். தனியார் பள்ளியில் ஃபீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தர மாட்டார்கள் என்று பயந்து, கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் டி.சி. வர நேரமாகிறது என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் 5-ஆம் பிரிவு. அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் ஆறாம் வகுப்புக்கு முன் மாற்றுவதில் ஒரு பலன் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் பெண் பிள்ளைக்குக் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 கிடைக்க 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும்; மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் மாற்றினால் இதில் சிக்கல். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் பள்ளியிலேயே உண்டு, காலை ஷிப்டுக்கு ஓடுகிற வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

குழந்தைகளிடம் மறைக்காதீர்கள், பயமுறுத்தவும் வேண்டாம். "இந்த வாரம் இவ்வளவு வந்தது, இவ்வளவு வாடகை" என்று தொகையாகச் சொன்னால் பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும். "அந்த அக்கா காசுலதான் நீ சாப்பிடுறே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுப் பக்கமே குழந்தை போகாது.

ஓவர்லாக் எழுதியது:

டீச்சரம்மா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். நன்றின்னு நினைச்சு லைன்ல நாலு பேர் முன்னால, "அக்கா இல்லீன்னா நாங்க இல்ல, அஞ்சாயிரம் தூக்கிக் கொடுத்தாங்க"ன்னு பேசிராதீங்க. அடுத்த வாரமே மூணு பேர் அக்கா வாசல்ல நிப்பாங்க. இல்லைன்னு சொன்னா, "அவளுக்கு மட்டும் கொடுத்தியே"ம்பாங்க. தொகையைச் சொல்லாம இருக்கறதும் மரியாதைதான்.

அப்புறம் உடம்பு வேலை. அக்கா நைட் போனா அவங்க புள்ளையப் பாத்துக்கறது, ரேஷன் கடை வரிசையில நிக்கறது, சிலிண்டர் தூக்கிப் போடறது, தாராளமாச் செய்யுங்க. அதை அசல்ல கழிக்கற நினைப்பு மட்டும் வேண்டாம். நம்ம மனசுல 500 கழிஞ்சிருக்கும், அவங்க மனசுல கழிஞ்சிருக்காது. சண்டை வர்றது பாதி அதுலதான்.

பச்சைநோட்டு எழுதியது:

வீட்டுக்குள்ளயே வாங்கின கடனை யாரும் எழுதறதில்லையே. அந்த மூணு பவுன் யாருது? அந்தம்மா பொறந்த வீட்டுச் சீரா இருக்கும். அது நோட்டுல முதல் வரியா ஏறணும்: இன்னாரோட வளையல், இத்தனை கிராம், இந்தத் தேதி. அடகு ரசீதும் அவங்க பேர்லயே இருக்கட்டும். மாமியாருக்கு வர்ற முதியோர் உதவித்தொகை 1,200-ஐயும் வீட்டுச் செலவுல கலக்கறாங்க. அவங்களைக் கேட்டு எடுக்கணும், மாத்திரைக்கும் வெத்தலைக்கும் அவங்க கையில கொஞ்சம் நிக்கணும். பெரியவங்க கேக்க மாட்டாங்க, அதனாலயே முதல்ல மறந்து போறது அவங்க கணக்குதான்.

மகளிர் உரிமைத்தொகை 1,000 வர்ற கணக்குல தவணை தானா எடுக்கற ஏற்பாடு இருக்குதான்னு பாருங்க. இருந்தா அந்தத் தவணையை வேற கணக்குக்கு மாத்துங்க. இல்லீன்னா வந்த அன்னைக்கே போயிரும்.

வட்டிக்கணக்கு எழுதியது:

நகையில் ஒரு நுணுக்கம். மூன்று பவுனை ஒரே ரசீதில் வைக்காதீர்கள். செயின் தனி, வளையல் தனி, தோடு தனி என்று தனித்தனிக் கடனாக வைத்தால், கையில் 15,000 சேரும்போது தோட்டை மட்டும் மீட்கலாம். ஒரே ரசீதாக இருந்தால் முழுத்தொகையும் சேரும்வரை எல்லாமே உள்ளே கிடக்கும். மதிப்பீட்டுக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆகும், அதைப் பார்க்காதீர்கள். கல் எடையைக் கழித்துத்தான் மதிப்பு போடுவார்கள், கல் வைத்ததை வைப்பதைவிட வெறும் தங்கத்தை வைப்பது லாபம். ஒரே தவணையில் அடைக்கும் நகைக்கடனுக்குக் கெடு பொதுவாக 12 மாதம். கடைசி நாளில் வட்டி கட்டித் திருப்பி வைக்கத் தண்டல்காரரிடம் ஒரு நாளைக்கு வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதில்தான் பலர் விழுகிறார்கள். மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் அந்த நெருக்கடி வராது, பெரும்பாலான வங்கிகளில் வாங்கிக்கொள்வார்கள்.

செயலி வழியாகக் கடன் எடுக்கவே வேண்டாம். போனில் உள்ள தொடர்புகளைக் கேட்கும் செயலி ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு எதிரானது. ஏற்கெனவே மாட்டி மிரட்டல் வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

குழுத் தவணை ஒரு வாரம் தவறினா என்ன பண்றது?

ஓவர்லாக் எழுதியது:

தவறறதுக்கு முந்தின கூட்டத்துலயே சொல்லணும். குழுவுல மத்தவங்க ஆளுக்கு ஐம்பது போட்டு உங்க 450-ஐக் கட்டினா, அது இனிமே கம்பெனிக் கடன் இல்லீங்க, ஒம்பது பேர்கிட்ட வாங்கின கைமாத்து. நோட்டுல ஒம்பது பேரும் ஏறணும். அடுத்த சனிக்கிழமை அதுதான் முதல். ரெண்டு வாரத்துக்கு மேல இழுக்கும்னு தெரிஞ்சா மேனேஜர்கிட்ட தவணையை நீட்டிக் கேட்டு எழுதிக் கொடுங்க. வாயால கேட்டதுக்கு அத்தாட்சி இருக்காது.

தொழிற்சங்கம்_பழையவர் எழுதியது:

ஒன்று விட்டுப்போகிறது: ஈ.எஸ்.ஐ., அதாவது சம்பளத்தில் சந்தா பிடிக்கும் தொழிலாளர் காப்பீடு. உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால் கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா ஏறியிருக்க வேண்டும். 26 வாரத்துக்கு வாரம் மூன்று நாள் என்றால் சரியாக 78. வேலை மூன்று நாளுக்குக் கீழே இறங்கினால் அந்த ஆறு மாதத்துக்கு உரிய பலன் காலத்தில் இந்தப் பணம் இல்லை. "இந்த வாரம் ரெண்டு நாள்தான் வேலை" என்றால் மீதி நாளில் வேறு எங்காவது சந்தா பிடிக்கிற கம்பெனியில் ஏற முடியுமா என்று பாருங்கள். காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்குப் பல இடங்களில் சந்தாவே பிடிப்பதில்லை, சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாத வீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

சரிங்க, வரிசை இப்படி எடுத்துக்கறேன். தண்டல் ஓடி முடியட்டும், புதுசு போடறதில்ல. முடிஞ்சதும் அந்த 700-ல 400 அக்காவுக்கு, 300 நகை வட்டிக்கு. அஞ்சாவது சனி 1,125-ம் அக்காவுக்கு. மொய் பழசு மட்டும். மச்சான் 20,000 மட்டும் அப்படியே நிக்குது. அவருகிட்ட என்னன்னு சொல்றது?

ஓவர்லாக் எழுதியது:

தேதியச் சொல்லுங்க, சாக்குச் சொல்லாதீங்க. "மச்சான், தை வரைக்கும் அசல் நகராது, மாசியிலேர்ந்து மாசம் 1,500." போன் பண்ணி நீங்களே சொல்லணும், வீட்டுக்காரம்மா வழியா சொல்லி அனுப்பக் கூடாது, அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் நடுவுல அது பேச்சாயிரும். கொடுக்கறப்ப ஜீபேல குறிப்புல "கைமாத்து 1"ன்னு போட்டு அனுப்புங்க. 1,500 வீதம் 13 மாசம், பதினாலாவது மாசம் 500.

கீரமங்கலத்தார் எழுதியது:

அந்த மச்சான் ஆடியில விருந்து வைக்கிறவரா இருந்தா முன்னாடியே கேட்டுக்கங்க. கைமாத்த மொய்யில கழிக்கலாம்னு ரெண்டு பேருக்கும் தோணும். கழிக்காதீங்க. மொய் நோட்டுல ஏறுனது அவர் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், கைமாத்து நீங்க கொடுக்க வேண்டிய கடன். ரெண்டும் கலந்துட்டா அவர் நோட்டுல நீங்க 20,000 புதுசு போட்டதாத்தான் இருக்கும்.